விழித்திரை ஓட்டை ஆபரேஷன் இல்லாமல் மூடுமா?

கேள்வி: எனக்கு 62 வயது. காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். போன மாதம் வலது கண்ணில் தூசி விழுந்து கையால் பொத்திக்கொண்டபோதுதான், இடது கண்ணுக்கு ஜன்னல் கம்பி நடுவில் நெளிந்து தெரிவதைக் கவனித்தேன். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்தால் மூக்கு இருக்கும் இடம் மட்டும் அழிந்தாற்போல் இருக்கிறது. சேலத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, “மாக்குலாவில் முழு ஓட்டை, 210 மைக்ரான். ஜெல் இன்னும் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது. ஆறு வாரம் கழித்து வாருங்கள், மூடாவிட்டால் ஆபரேஷன்” என்றார்கள். என் தங்கை மகனுக்கு 17 வயது. கிரிக்கெட் பந்து பட்டு இதே மாதிரி ஓட்டை விழுந்து, நாலு மாதத்தில் ஆபரேஷன் இல்லாமலே மூடிவிட்டது. எனக்கும் அப்படி மூடுமா? சொட்டு மருந்து, பொன்னாங்கண்ணி, கண் பயிற்சி என்று வீடியோக்களில் என்னென்னவோ சொல்கிறார்கள். ஆபரேஷன் என்றால் நாள்கணக்கில் குப்புறப் படுக்க வேண்டுமாம். எனக்குக் கழுத்து வலியும் முழங்கால் வலியும் உண்டு. ஆபரேஷன் முடிந்து ஓசூரில் மகள் வீட்டில் தங்கலாம் என்று இருக்கிறேன். சர்க்கரை இல்லை. பிரஷருக்கு மட்டும் மாத்திரை சாப்பிடுகிறேன்.

பதில்:

அன்புள்ள அம்மா, வணக்கம்.

மூடலாம். மாக்குலா என்ற கண்ணின் நடுப்பார்வைப் பகுதியில் விழும் முழு ஓட்டை கத்தி படாமல் தானாக மூடிக்கொள்வது உண்மையில் நடக்கிறது. ஆனால் எல்லோருக்கும் நடப்பதில்லை. வயதானதால் வரும் முழு ஓட்டைகளில் 100-க்கு 4 முதல் 11 வரை தானாக மூடியதாக வெவ்வேறு ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. உங்களுடையது சிறிய ஓட்டை, ஜெல்லும் இன்னும் விலகவில்லை. இந்த இரண்டும் சேர்ந்திருப்பதால் அந்தச் சிலரில் நீங்களும் ஒருவராக இருக்க வாய்ப்பு சற்றுக் கூடுதல். சேலத்தில் பார்த்தவர் ஆறு வாரம் தந்தது இதை நினைத்துத்தான். அவர் உங்களைத் தட்டிக்கழிக்கவில்லை. அந்த ஆறு வாரத்தை நீங்கள் சரியாகப் பயன்படுத்த வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உள்ளே என்ன ஆயிற்று என்று முதலில் பார்ப்போம். அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

கண்ணுக்குள் முன்பக்கம் லென்ஸ், பின்சுவரில் விழித்திரை. இரண்டுக்கும் நடுவில் முட்டையின் வெள்ளைக்கரு போல ஒரு ஜெல் நிரம்பியிருக்கிறது. அதில் 98 சதவீதம் தண்ணீர்தான். மிச்சம் கொலாஜன் என்ற மெல்லிய இழைகளும் ஹயலூரானிக் அமிலமும். இளவயதில் இந்த ஜெல் கெட்டியாக, விழித்திரையோடு ஒட்டி இருக்கும். ஐம்பது, அறுபது தாண்டும்போது கொஞ்சம் கொஞ்சமாக நீர்த்து, சுருங்கி, விழித்திரையை விட்டு உரிந்து வரும். பெரும்பாலானவர்களுக்கு இது நோயே இல்லை. கண் முன்னால் நூல் மிதப்பது, பூச்சி பறப்பது என்று கொஞ்ச நாள் தெரியும், பிறகு பழகிவிடும்.

சிலருக்கு மட்டும் ஜெல் சுற்றிலும் விலகிவிட்டு, நட்டநடுப் புள்ளியில் விடாமல் பிடித்துக்கொள்கிறது. அந்தப் புள்ளிதான் நாம் படிக்கவும், ஊசியில் நூல் கோக்கவும், அரிசியில் கல் பொறுக்கவும், ஆளை அடையாளம் காணவும் பயன்படுத்தும் இடம். விழித்திரையின் மிக மெல்லிய பகுதிகளில் ஒன்றும் அதுதான், ரத்தக்குழாய் கிடையாது. கண்ணை அசைக்கும்போதெல்லாம் ஜெல் அங்கே இழுக்கிறது. முதலில் உள்ளே ஒரு சிறு நீர்க்குமிழ் உண்டாகிறது. பிறகு அதன் கூரை திறக்கிறது. அதுதான் ஓட்டை. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இது அதிகம், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். நீங்கள் எதையும் தப்பாகச் செய்து இது வரவில்லை. இத்தனை வருடம் பதிவேடு எழுதியதாலோ, செல்போன் பார்த்ததாலோ, விறகடுப்புப் புகையாலோ வந்தது என்று யாராவது சொன்னால் மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இங்கே பலருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. ஓட்டை என்றதும் அந்த இடத்துச் சதை பிய்ந்து போய்விட்டது, இனி ஒன்றும் இல்லை என்று பயந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அப்படி ஆவதில்லை. நடுவில் இருந்த பார்வை செல்களில் பெரும்பகுதி நாலா பக்கமும் ஒதுங்கித்தான் நிற்கிறது. அதனால்தான் உங்களுக்கு நடுவில் மூக்கு அழிந்தும், அதைச் சுற்றிக் கோடுகள் வளைந்தும் தெரிகின்றன. ஒதுங்கிய செல்கள் திரும்பவும் நடுவுக்கு வந்தால் பார்வையும் திரும்பி வரும். 210 மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. 250 மைக்ரான் வரை சிறியது, 250 முதல் 400 வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது என்று 2013-ல் உலக அளவில் விழித்திரை நிபுணர்கள் வகுத்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் சிறியதில் இருக்கிறீர்கள்.

இனி, தானாக மூடுவது எப்படி நடக்கிறது?

முதலில் ஜெல் தன் பிடியை விட வேண்டும். பிடி தளர்ந்ததும் ஓட்டையின் ஓரங்களை மேலே தூக்கிக்கொண்டிருந்த இழுவை போய்விடுகிறது. விழித்திரைக்கு அடியில் நிறமி செல்களால் ஆன ஒரு படலம் இருக்கிறது. இரவும் பகலும் அங்கே சேரும் நீரை வெளியே இறைத்துக்கொண்டிருப்பது அதன் வேலை. அது ஓரங்களுக்கு அடியில் தேங்கிய நீரை இறைத்துவிடுகிறது. தூக்கி நின்ற ஓரங்கள் படிகின்றன, நெருங்குகின்றன. அப்போது விழித்திரையைத் தாங்கிப் பிடிக்கும் முல்லர் செல்கள் இரண்டு ஓரங்களிலிருந்தும் நீண்டு நடுவில் கை கோக்கின்றன. மேல்தளத்தில் மெல்லிய ஒரு பாலம் உருவாகிறது. பாலத்துக்குக் கீழே கொஞ்ச காலம் சிறு வெற்றிடம் இருக்கும். அது பல மாதங்களில் நிரம்பும். அதனால் ஸ்கேனில் மூடிவிட்டது என்று சொன்ன அன்றே தெளிவாகத் தெரியாது. ஆறு மாதம், ஒரு வருடம் வரை பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே வருபவர்கள் உண்டு.

இதையெல்லாம் நாம் கண்ணால் பார்த்துச் சொல்ல முடிவது, விழித்திரையை அடுக்கடுக்காகப் படம் பிடிக்கும் ஓ.சி.டி. ஸ்கேன் வந்த பிறகுதான். அந்தக் கருவியைப் பற்றிய முதல் கட்டுரை 1991-ல் வந்தது. அதே 1991-ல்தான் அமெரிக்காவில் கெல்லி, வெண்டெல் என்ற இரண்டு மருத்துவர்கள், அதுவரை வைத்தியமே இல்லை என்று கைவிடப்பட்டிருந்த இந்த ஓட்டைகளை ஆபரேஷன் செய்து மூட முடியும் என்று எழுதினார்கள். அவர்கள் செய்த 52 கண்களில் 30 மூடின. இன்று உங்களுடையதைப் போன்ற சிறிய ஓட்டைகளில் 100-க்கு 90-க்கு மேல் ஒரே ஆபரேஷனில் மூடிவிடுகின்றன.

அந்த ஆபரேஷனில் என்ன செய்கிறோம் தெரியுமா? ஜெல்லை எடுத்துவிடுகிறோம். ஓட்டையைச் சுற்றி விழித்திரையின் மேல் இருக்கும், கண்ணுக்கே தெரியாத மெல்லிய சவ்வை உரித்து ஓரங்களை இளக்குகிறோம். உள்ளே ஒரு வாயுக் குமிழை விட்டு, அந்த இடத்தில் நீர் புகாமல் காய வைக்கிறோம். அவ்வளவுதான். யாரும் தையல் போட்டு ஓட்டையை அடைப்பதில்லை. மேலே சொன்ன அதே முல்லர் செல்கள், அதே நிறமிப் படலம், அதே பாலம். மூடுவது எப்போதும் உங்கள் கண்தான். ஆபரேஷன் அதற்குத் தடையாக நிற்பதை விலக்கித் தருகிறது. ஆகவே “ஆபரேஷனா, தானாக ஆறுவதா” என்று இரண்டையும் எதிரெதிராக வைத்து நீங்கள் கலங்க வேண்டாம். உங்கள் ஜெல் தானாக விடுமா, எத்தனை நாளுக்குள் விடும், அதுவரை ஓட்டை பெரிதாகாமல் இருக்குமா என்பதைப் பார்த்தால் போதும்.

உங்கள் தங்கை மகன் விஷயத்துக்கு வருகிறேன். அவனுக்கு மூடியதைப் பார்த்து நம்பிக்கை வைப்பது இயல்பு. ஆனால் அவன் ஓட்டையும் உங்கள் ஓட்டையும் வந்த வழி வேறு. பந்து வேகமாகப் பட்டதும் கண் ஒரு நொடி அமுங்கி, பக்கவாட்டில் விரிந்து, திரும்பவும் பழைய வடிவத்துக்கு வந்திருக்கும். அந்த அதிர்ச்சியில் நடுப்பகுதி விட்டுப்போயிருக்கும். அதன் பிறகு மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கும் விசை எதுவும் பெரும்பாலும் இல்லை. 17 வயதுத் திசு வேகமாக ஆறும். அடிபட்டு வரும் ஓட்டைகளில் தானாக மூடுபவை, வயதால் வருபவற்றைவிட மிக அதிகம். சில ஆய்வுகளில் பாதி வரைகூட. அதனால் சிறுவர்களுக்கு மூன்று மாதம், சில நேரம் ஆறு மாதம்கூட ஸ்கேன் பார்த்துக்கொண்டே காத்திருப்போம். அந்தக் கணக்கை 62 வயதுக்குப் போட முடியாது.

அவனைப் பற்றி உங்கள் தங்கையிடம் ஒன்று சொல்லுங்கள். ஓட்டை மூடியதோடு அந்தக் கண்ணை மறந்துவிடக் கூடாது. பலமாக அடிபட்ட கண்ணில் பல வருடம் கழித்தும் கண் அழுத்தம் ஏறலாம்; ஏறும்போது வலிக்காது, தெரியாது. வருடத்துக்கு ஒரு தடவை அழுத்தம் பார்க்கட்டும். விழித்திரையின் ஓரப்பகுதியையும் கண் பாப்பா விரியும் சொட்டு மருந்து விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நம் மாவட்டங்களில் இப்படி அடிபட்டு வருபவர்கள் நிறைய. மாங்காய்ப் பருவத்தில் கொக்கியில் இழுத்த கிளை விடுபட்டு முகத்தில் அடிக்கிறது. கிரானைட் குவாரியில் கல் தெறிக்கிறது. தீபாவளிக்குப் பட்டாசு. அடிபட்ட அன்று “லேசா மங்கலா இருக்கு, காலையில சரியாயிடும்” என்று படுத்துக்கொள்கிறார்கள். அன்றே காட்டினால் காப்பாற்றக்கூடிய பார்வை சில சமயம் அந்த ஒரு இரவில் போய்விடுகிறது. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆறாது.

வீடியோக்கள். அவற்றில் “எனக்கு ஆபரேஷன் இல்லாமல் குணமானது” என்று சொல்பவர்கள் எல்லோரும் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. ஆனால் ஓட்டை என்று பொதுவாகச் சொல்லப்படுபவை பல வகை. ஓட்டை விழும் முன்நிலை ஒன்று உண்டு. குமிழ் மட்டும் இருக்கும், முழுதாகத் திறந்திருக்காது. அவற்றில் ஏறக்குறைய பாதி, ஜெல் விட்டுவிடுவதால் தானாகவே சரியாகிவிடும். விழித்திரையின் மேல் அடுக்கில் மட்டும் விழும் பாதி ஓட்டையும் உண்டு. அது பல வருடம் அப்படியே இருக்கும், பலருக்கு ஆபரேஷனே வேண்டாம். விழித்திரையின் மேல் படரும் சவ்வு சுருங்கி ஓட்டை போலத் தோற்றம் தருவதும் உண்டு. இந்த மூன்றில் எதுவோ இருந்தவர் கீரை சாப்பிட்டார், குணமானார். கீரையால் குணமானது என்று சொல்கிறார். உங்கள் ரிப்போர்ட்டில் முழு ஓட்டை என்று இருக்கிறது. அவர்களுடைய அனுபவம் உங்களுக்குப் பொருந்தாது.

பொன்னாங்கண்ணி நல்ல கீரை, வாரம் இரண்டு தடவை கடைந்து சாப்பிடுங்கள். முருங்கையும் அப்படித்தான். உடம்புக்கு நல்லது. ஜெல்லின் பிடியை அது விடுவிக்காது. கண்ணுக்கென்று மருந்துக்கடையில் விற்கும் விட்டமின் மாத்திரைகள் வேறொரு நோய்க்கானவை, அதாவது வயதால் மாக்குலா தேய்ந்து போகும் நோய்க்கு. உங்களுக்கு அது இல்லை, காசை வீணாக்க வேண்டாம். கண்ணை உருட்டும் பயிற்சியால் பலன் இல்லை. காலைச் சூரியனை உற்றுப் பார்க்கச் சொல்லும் பயிற்சி மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. சூரியனை நேராகப் பார்ப்பதால் இதே நடுப்புள்ளி வெந்துபோய் வருபவர்களைக் கிரகணம் முடிந்த வாரங்களில் கண் மருத்துவமனைகளில் பார்க்கலாம். விளக்கெண்ணெய், தேன், தாய்ப்பால், வெங்காயச் சாறு எதையும் கண்ணில் விடாதீர்கள். அவை விழித்திரை வரை போவதும் இல்லை. முன்பக்கக் கருவிழியில் கிருமி சேர்ந்து புண்ணாகிவிடும்.

சொட்டு மருந்து பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. ஓட்டை சிறியதாக இருந்து, ஓரங்களில் நீர் கோத்துக் குமிழ் குமிழாக வீங்கியிருக்கும் சிலருக்கு, ஸ்டீராய்டு சொட்டு, வீக்கம் குறைக்கும் வேறு வகைச் சொட்டு, நீரை இறைக்கும் வேலையைத் தூண்டும் ஒரு வகை கண் அழுத்தச் சொட்டு ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்து ஓட்டை மூடியதாகச் சில மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஓரத்து வீக்கம் வடிந்தால் ஓரங்கள் நெருங்கும் என்பது இதன் கணக்கு; மேலே நான் சொன்ன விதத்தோடு இது ஒத்துப்போகிறது. ஆனால் இவை தேர்ந்தெடுத்த சிலரைப் பற்றிய சிறிய பதிவுகள். இரண்டு கூட்டமாகப் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்த பெரிய ஆய்வின் பலத்தோடு இதை உங்களுக்குப் பரிந்துரைக்க முடியாது. ஸ்டீராய்டு சொட்டு சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். அதனால் கடையில் நீங்களாக வாங்கி விடக் கூடாது. ஆறு வாரம் கழித்துப் போகும்போது, “என் ஸ்கேனில் ஓரத்தில் நீர்க்குமிழ் இருக்கிறதா, சொட்டு மருந்து கொடுத்துப் பார்க்கலாமா” என்று உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள். நல்ல கேள்விதான், தயங்காமல் கேளுங்கள்.

ஜெல்லைக் கரைக்க ஒரு ஊசியும் வந்தது, ஓக்ரிப்ளாஸ்மின் என்று பெயர். 2012-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. உங்களைப் போல ஓட்டையும் இழுவையும் சேர்ந்திருந்தவர்களில் ஊசி போட்ட 100-க்கு 40 பேருக்கு ஒரு மாதத்தில் ஓட்டை மூடியது. மருந்தே இல்லாத ஊசி போட்டவர்களிலும் 100-க்கு 10 பேருக்கு மூடியது. இந்த இரண்டாவது கணக்கைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். மருந்து போகாமலும் பத்தில் ஒருவருக்கு ஒரு மாதத்தில் மூடியிருக்கிறது. ஊசி இன்று பெரும்பாலும் புழக்கத்தில் இல்லை. வெறும் வாயுவை மட்டும் ஊசியில் செலுத்தி ஜெல்லை விடுவிக்கும் முறையும் உண்டு. ஆனால் அதை ஆராய்ந்தபோது விழித்திரை கிழிவதும் விலகுவதும் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்ததால், ஆய்வில் ஆள் சேர்ப்பதையே பாதியில் நிறுத்தினார்கள். உங்களுக்கு யாராவது அதைச் சொன்னால், இந்த ஆபத்தைப் பற்றிக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

இந்த ஆறு வாரம் எப்படி இருக்க வேண்டும்? வழக்கம்போல இருங்கள். குனிந்தால், குடம் தூக்கினால், படித்தால், டிவி பார்த்தால் ஓட்டை பெரிதாகாது. பிரஷர் மாத்திரையை நிறுத்த வேண்டாம். மாடிப்படி, பஸ் படிக்கட்டு, கொதிக்கும் பாத்திரம் ஆகிய மூன்றிலும் மட்டும் கவனம், ஒரு கண் பார்வை குறைந்தால் தூரம் கணிப்பதில் தடுமாற்றம் வரும். வாரம் ஒரு நாள், படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வலது கண்ணைப் பொத்தி, மாதக் காலண்டரில் கட்டங்களின் நடுவில் இருக்கும் ஒரு தேதியைப் பாருங்கள். எத்தனை கட்டம் நெளிகிறது, எத்தனை எழுத்து அழிகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அங்கன்வாடியில் குழந்தைகளின் எடையை மாதாமாதம் எழுதியவர் நீங்கள். இது உங்களுக்குப் பழக்கமான வேலைதான். தினமும் பார்க்காதீர்கள், மனம் சோர்ந்துபோகும்.

திடீரென்று மின்னல் வெட்டுவது போல ஒளி தெரிந்தாலோ, புகைக்கரி கொட்டியது போலக் கறுப்புப் புள்ளிகள் மழையாக வந்தாலோ, ஓரத்திலிருந்து திரை இறங்குவது போல இருட்டு வந்தாலோ ஆறு வாரம் காத்திருக்காதீர்கள். அன்றே போக வேண்டும். ஜெல் விலகுவது உங்களுக்கு நல்லது. ஆனால் விலகும்போது சில கண்களில் ஓரத்தில் விழித்திரையைக் கிழித்துவிடும். உடனே பார்த்தால் லேசர் வைத்துக் கிழிவைச் சுற்றி அடைத்துவிடலாம். காலம் தாழ்த்தினால் விழித்திரையே விலகிவிடும், அது இந்த ஓட்டையைவிடப் பெரிய ஆபத்து.

ஆறு வாரம் முடிந்ததும் ஸ்கேன் மூன்றில் ஒன்றைச் சொல்லும். ஓட்டை மூடிவிட்டது என்றால் சந்தோஷம். இன்னும் சில மாதம் இடைவெளி விட்டு ஒரு ஸ்கேன், அவ்வளவுதான். மூடியது அரிதாகத் திரும்பத் திறப்பதும் உண்டு என்பதால் அந்த ஸ்கேனைத் தவறவிட வேண்டாம். அளவு குறைந்து வருகிறது, அல்லது இழுவை விட்டு ஓரங்கள் படிந்து வருகின்றன என்றால் இன்னும் சில வாரம் தரலாம். அளவு கூடியிருக்கிறது, பார்வை இறங்கியிருக்கிறது, அல்லது எந்த மாற்றமும் இல்லை என்றால் என் கருத்து ஒன்றுதான்: ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், இந்த ஓட்டை வலிக்காது. இன்னொரு கண் நன்றாக இருப்பதால் அன்றாட வேலையும் நிற்காது. அறுவடை முடியட்டும், பேத்தி காதுகுத்து முடியட்டும், தை பிறக்கட்டும் என்று ஒரு வருடம் ஓடிவிடும். அதற்குள் 210 என்பது 500, 600 ஆகிவிடலாம். ஒதுங்கி நின்ற செல்கள் வாடத் தொடங்கும். பிறகு ஓட்டையை மூடினாலும் பார்வை அந்த அளவுக்குத் திரும்பாது. ஆறு மாதத்துக்குள் மூடிய கண்களுக்கும், ஒரு வருடம் தாண்டி மூடிய கண்களுக்கும் பார்வையில் தெளிவான வித்தியாசம் உண்டு. தேதி போட்டு, ஸ்கேனோடு காத்திருந்தால் உங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை. தேதி இல்லாமல் காத்திருந்தால் பார்வைதான் நஷ்டம்.

குப்புறப் படுப்பதைப் பற்றி உங்களுக்கு இருக்கும் பயம் எனக்குப் புரிகிறது. ஆபரேஷனுக்குச் சம்மதிக்காதவர்களில் பலர் இதற்குத்தான் அஞ்சுகிறார்கள். வாயு மேல்நோக்கி மிதக்கும். முகம் கீழே இருந்தால் கண்ணின் பின்சுவரில் போய்ப் பதியும் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. முன்பு ஒன்று, இரண்டு வாரம் என்று சொல்வார்கள். இப்போது 400 மைக்ரானுக்குக் குறைந்த ஓட்டைகளுக்குப் பல மருத்துவர்கள் சில நாளோடு முடித்துக்கொள்கிறார்கள். மல்லாந்து மட்டும் படுக்காதீர்கள் என்று சொல்பவர்களும் உண்டு. படுத்தே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து மேஜை மேல் தலையணை வைத்து நெற்றியைச் சாய்த்துக்கொள்ளலாம். சாப்பிட, கழிவறை போக, மருந்து விட எழுந்துகொள்ளலாம். கழுத்து வலி இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அதற்கேற்ப நாள்களைக் குறைத்துச் சொல்வார்கள். சிறிய ஓட்டையாக இருக்கும்போதே செய்துகொள்வதில் இதுவும் ஒரு லாபம்.

ஓசூர் விஷயத்தை நீங்கள் எழுதியது நல்லதாயிற்று. வாயு கண்ணுக்குள் இருக்கும்வரை உயரமான இடத்துக்கு ஏறக் கூடாது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், கண்ணுக்குள் இருக்கும் வாயு விரியும், கண் அழுத்தம் எகிறும். விமானம் கூடவே கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். தரைவழியாக ஏறுவதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர், உங்கள் பக்கம் 500-ஐ ஒட்டி, ஓசூர் 900 மீட்டர் அளவில் இருக்கிறது. சேலத்தில் ஆபரேஷன் செய்துகொண்டு, தொப்பூர் கணவாய் ஏறி, அப்படியே ஓசூர் வரை போனால் இரண்டு மூன்று மணி நேரத்தில் 600 மீட்டர் ஏறியிருப்பீர்கள். கண் நிறைய வாயு இருக்கும் முதல் வாரத்தில் இதை நான் விரும்பமாட்டேன். இரண்டு வழி இருக்கிறது. சேலத்தில் செய்தால் சேலத்திலேயே சில நாள் தங்கி, பிறகு மருத்துவர் சம்மதத்தோடு உங்கள் வீட்டுக்கு வாருங்கள், மகளை அங்கே வரச் சொல்லுங்கள். மகள் வீடுதான் வசதி என்றால், பெங்களூரில் செய்துகொள்ளுங்கள். பெங்களூரும் ஓசூரும் ஏறக்குறைய ஒரே உயரம். எந்த வாயு போடுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வகை இரண்டு, மூன்று வாரத்தில் கரையும், இன்னொரு வகை இரண்டு மாதம் வரை இருக்கும். கரையக் கரைய, தண்ணீர் மட்டம் ஆடுவது போல ஒரு கோடு தெரியும், பயப்பட வேண்டாம். அது முழுதாகப் போகும்வரை தளி, ஏற்காடு போன்ற மலை உயரங்கள் வேண்டாம். வேறு எதற்காவது மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் கண்ணில் வாயு இருப்பதை முதலில் சொல்லிவிடுங்கள். சில மருத்துவமனைகளில் கையில் ஒரு பட்டை கட்டி அனுப்புவார்கள், கழற்றாதீர்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் கண்ணில் புரை வேகமாக வரும். உங்கள் வயதில் பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு வருடத்தில் புரை ஆபரேஷனும் தேவைப்படும். சிலருக்கு இரண்டையும் ஒன்றாகவே செய்துவிடுவார்கள், அதையும் கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போய், நீங்கள் போகும் மருத்துவமனையில் இந்த ஆபரேஷனுக்குப் பயன்படுமா என்று முதல் நாளே விசாரியுங்கள். ஸ்கேன் படங்களை, செல்போனில் எடுத்த போட்டோவாக இல்லாமல் அசலாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வாரத்துக்கு முன்னும் பின்னும் ஒரே கருவியில் எடுத்தால் ஒப்பிடுவது எளிது. அதனால் இரண்டாவது ஸ்கேனையும் சேலத்தில் அதே இடத்தில் எடுங்கள்.

கடைசியாக உங்கள் வலது கண். அதன் பார்வை எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. அந்தக் கண்ணுக்கும் ஸ்கேன் எடுத்திருந்தால், ஜெல் முழுதாக விலகிவிட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். விலகியிருந்தால் அதில் ஓட்டை வரும் வாய்ப்பு மிகக் குறைவு. இன்னும் ஒட்டியிருந்தால், ஐந்து வருடத்தில் பத்துப் பேரில் ஒருவருக்குப் போல அந்தக் கண்ணிலும் வரலாம். அதனால் காலண்டர் பரிசோதனையை வலது கண்ணுக்கும் தனியாகச் செய்யுங்கள், இடது கண்ணைப் பொத்திக்கொண்டு. அதில் கோடு நெளிந்தால், நெளிந்த அந்த வாரமே காட்டிவிடுங்கள்.